ஏழு நிமிடம், மூன்றரைப் பை மணல்

தோல் தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலராக இருப்பவனுக்கு ஒரு வேண்டாத பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ஆளுக்கு அடிபட்டால் அறிக்கை எழுதுவது சரி, எல்லா இடத்திலும் நடப்பதுதான். அடிபடாமல் தப்பித்தாலும் உட்கார்ந்து எழுத வேண்டும். எங்கள் தொழிலில் அதை 'நியர் மிஸ்' என்போம். மேலிருந்து விழுந்த ஸ்பானர் யார் தலையிலும் படாவிட்டாலும், அது ஏன் விழுந்தது, அங்கே யார் வைத்தது, வைக்க வேறு இடமா இல்லை என்று கேட்டுக்கொண்டே போவோம். ராணிப்பேட்டைப் பக்கம் பதினோரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன்.

இதுவும் அப்படி ஒரு அறிக்கை. ஸ்பானருக்குப் பதில் என் மகள். 2024 பிப்ரவரி 24, சனிக்கிழமை மாலை, கூவத்தூருக்குக் கிழக்கே ஒரு சவுக்குத்தோப்பை ஒட்டிய கடற்கரையில், ஐந்தரை வயதுக் குழந்தை ஏறக்குறைய ஏழு நிமிடம் என் கண்ணில் இல்லை. நல்லபடியாகக் கிடைத்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் பதற வேண்டாம்.

ஏன் போனோம்

எங்கள் வீடு விருதம்பட்டில். பள்ளிக்கூடம் வேலூருக்குள். தினமும் ஸ்கூட்டரில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: ஆறு இருக்கு தண்ணி இல்ல, கோட்டை இருக்கு ராஜா இல்ல. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. பாப்பாவுக்கு அப்போது மூன்று வயது, ஒன்றும் ஞாபகமில்லை. அவளுக்குத் தெரிந்த பாலாறு மணல், சீமைக்கருவேலம், நடுவில் ஒரு சாக்கடைக் கோடு, அவ்வளவுதான்.

ஒருநாள் பாலத்தின் நடுவில் கேட்டாள்: "இந்த ஆறு எங்கப்பா போயி முடியுது?"

"கடல்ல."

"அங்கயாவது தண்ணி கீதா?"

நந்திமலையில் பிறந்து 348 கிலோமீட்டர் வந்து, கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வாயலூரில் கடலில் சேருகிற ஆறு. முடியும் இடத்தை நானும் பார்த்ததில்லை. தொழிற்சாலை நண்பர் ஒருவரின் சொந்தக்காரருக்கு அதற்குத் தெற்கே சில கிலோமீட்டரில் சவுக்குத்தோப்பு இருந்தது. பொதுக் கடற்கரையில் ராத்திரி டென்ட் போட்டால் ரோந்து போலீஸ் எழுப்பிவிடுவார்கள். சொந்தத் தோப்பு என்றால் அந்தப் பிரச்சினை இல்லை. ஒரு ராத்திரி தங்கல், காலையில் பாலாற்று முகத்துவாரம், மத்தியானம் வீடு. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

என் மனைவி நர்ஸ். அந்த வாரக் கடைசி நைட் டூட்டி, மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். "வீடு வாசல் இல்லாதவங்க மாதிரி மணல்ல போயி படுக்கணுமா? நான் வரல, நீயும் போவாத" என்றார். தள்ளிப்போடலாம் என்று மனைவியும் ஒரு வார்த்தை சொன்னாள். டென்ட் வந்து ஒரு மாதமாகப் பரண்மேல் கிடந்தது. சரி, ஒரே ஒரு ராத்திரிதானே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். இந்த அறிக்கையின் முதல் தவறு அந்த வாக்கியம்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

பகல்

ஒன்பது மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். மனைவி டூட்டி முடிந்து வந்து குழந்தையைக் கொஞ்சிவிட்டுத் தூங்கப் போக, வண்டி எடுக்கும்போது பத்தே முக்கால். ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்க இருபது நிமிடம். செய்யாறு தாண்டி அவளுக்குக் காரில் வாந்தி, மரத்தடியில் அரைமணி. வந்தவாசியில் கோரைப்பாய். 1760 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட ஊர் என்று பாடத்தில் படித்தது, ஆனால் எங்கள் பக்கத்தில் வந்தவாசி என்றால் பாய்தான். சிவப்பும் பச்சையும் கோடு போட்ட ஒன்றைப் பாப்பாவே தேர்ந்தெடுத்தாள். பேரம் பேசியதில் ஐம்பது ரூபாய் குறைந்தது, கால் மணி போனது. அன்றைக்கு வாங்கியதில் உருப்படியானது அந்தப் பாய் ஒன்றுதான்.

சோத்துப்பாக்கத்தில் சாப்பாடு, செய்யூர், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை. கூவத்தூர் என்ற பலகையைப் பார்த்ததும், 2017இல் அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களை இங்கே ஒரு ரிசார்ட்டில் தங்கவைத்திருந்தது ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்ட குழந்தைக்கு எம்.எல்.ஏ. என்றால் என்ன என்பதில் தொடங்க வேண்டியிருந்தது, விட்டுவிட்டேன். 150 கிலோமீட்டர் வாக்கில் தூரம். தோப்பை அடைந்தபோது மணி 4:35. மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன்.

இந்தத் தாமதம் வெறும் கடிகாரக் கணக்கு இல்லை. வெயில் காலத்தை நெருங்கும்போது மத்தியானத்திலிருந்து கடல்காற்று ஏறிக்கொண்டே வரும். நான் டென்டை விரித்தது அது பலமாக அடித்த நேரம். ஆறேகால் வாக்கில் பொழுது சாயும். அதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம்.

கடலைப் பார்த்துத் தட்டையாக இருந்த இடத்தில் டென்டைப் போட்டேன். கூட வந்த முளைகள் ஒரு சாண் நீளம், கம்பி கனம். தோட்டத்து மண்ணுக்குச் சரி, கடல் மணலில் வெண்ணெயில் குத்திய குச்சி மாதிரி. இரண்டாவது காற்றுக்கே டென்ட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.

தோப்பைப் பார்த்துக்கொள்கிறவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். டென்டைப் பார்க்கவில்லை, அதன் கீழே இருந்த மணலைப் பார்த்தார்.

"சார், இங்க படுத்தீங்கன்னா ராத்திரி கடலோட படுக்கணும்."

காலால் ஒரு கோட்டைக் காட்டினார். காய்ந்த பாசி, சவுக்கு ஊசி, உடைந்த சிப்பி, ஒரு ஒற்றைச் செருப்பு எல்லாம் வரிசையாக ஒதுங்கிக் கிடந்தன. முந்தின ஏத்தத்தில் தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது. நான் டென்ட் போட்டது அதற்குக் கீழே. அன்றைக்கு மாசி மகம், பௌர்ணமி. சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கடல் வழக்கத்தைவிட மேலே ஏறும் நாள். "ஆரம்ப வகுப்புப் பாடம்" என்று அலுவலகத்தில் நான் அடுத்தவர்களைக் கேலி செய்வது உண்டு.

டென்டைப் பிடுங்கி மேட்டுக்குப் பின்னால் கொண்டுபோனோம். முளை நிற்காது, பையில் மணலை நிரப்பிக் கயிறு கட்டிப் புதையுங்கள் என்றார். வீட்டிலிருந்து நான்கு காலி அரிசிப் பைகள் கொண்டுவந்திருந்தேன். மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று அவர் தோப்புக்குள் போனார்.

ஐந்து இருபது

பத்தடி தள்ளிப் பாயை விரித்து, வாளியும் கரண்டியும் கொடுத்துப் பாப்பாவை உட்காரவைத்தேன். "தண்ணிகிட்ட போவாத, சரியா?" தலையாட்டினாள். "பாலாறு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். வடக்கே கையைக் காட்டி, "அப்படியே போனா வரும். நாளைக்குக் காலைல போலாம்" என்றேன். ஒரு போட்டோ எடுத்தேன். நேரம் 5:19 என்று போனில் பதிவாகியிருக்கிறது.

பிறகு மண்டியிட்டு, சாப்பாட்டுத் தட்டால் மணலை அள்ளிப் பையில் போட ஆரம்பித்தேன். பை வாயை ஒரு கை பிடிக்க, மறு கை அள்ள. காற்றில் பை மூடிக்கொண்டே இருந்தது. முகம் கீழே, முதுகு காற்றுக்கு. அவ்வப்போது நிமிர்ந்து பார்த்தேன் என்றுதான் அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். சத்தியமாகச் சொன்னால், பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பார்த்திருப்பேன் என்ற நம்பிக்கைதான் இருந்தது.

நான்காவது பையின் பாதியில் நிமிர்ந்தேன். பாய் இருந்தது. வாளி இருந்தது. பாயின் ஓரத்தில் இரண்டு செருப்பும் வரிசையாக, வீட்டு வாசலில் விடுவது மாதிரி விட்டிருந்தாள்.

தண்ணீரைப் பார்த்து ஓடினேன். எதுவும் தெரியவில்லை. அந்தக் கடற்கரையில் அலை பெரிது, இறக்கம் செங்குத்து. இடுப்பளவுத் தண்ணீர் இரண்டு எட்டில் வந்துவிடும். கத்தினேன். காற்று கடலிலிருந்து அடித்தது. என் சத்தம் என் பின்னாலேயே தோப்புக்குள் போனது. மறுபடி அலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு நுரையும் தலை மாதிரி தெரிந்தது. எத்தனை நேரம் அப்படி நின்றேன் என்பதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

என் சத்தம் கேட்டுத் தோப்புக்காரர் ஓடி வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாயைச் சுற்றி ஒரு அரைவட்டம் நடந்தார். குனிந்தார்.

"கடல பாக்காதீங்க சார். கால பாருங்க."

முந்தின ஏத்தத்தின் ஈரம் காயாத மணலில், உள்ளங்கை அளவுக்குச் சின்னச் சின்னக் கால்கள். ஐந்து விரலும் தனித்தனியாகப் பதிந்திருந்தன. வடக்கே போயின. ஓரிடத்தில் நின்று, எதையோ எடுத்து, மறுபடி நடந்திருந்தன.

முந்நூறு எட்டு போல ஓடியிருப்பேன். ஒரு படகுக்குப் பின்னால், வலையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு எதிரே பாப்பா நின்றுகொண்டிருந்தாள். வலையின் ஒரு ஓரம் அவள் கையில். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, பெரிய பொறுப்பு வந்த முகத்தோடு.

"பாலாறு எங்க கீதுன்னு கேட்டுச்சு தம்பி. அம்மா எங்கன்னா நைட் டூட்டின்னுது. தனியா வந்துருக்குன்னு தெரிஞ்சுது. இத புடி கண்ணுன்னு குடுத்து நிக்கவெச்சேன்" என்றார் அந்த அம்மா.

என்னால் பேச முடியவில்லை. பாப்பாதான் பேசினாள். "நான் தண்ணிகிட்ட போவலப்பா."

அளந்து பார்த்தது

ஏழு நிமிடம் என்று எப்படிச் சொல்கிறேன்? கடிகாரம் பார்க்கவில்லை. போட்டோ 5:19. மனைவிக்கு நான் போன் செய்தது 5:34. அழுது முடித்து, அந்த அம்மாவிடம் திரும்பத் திரும்ப நன்றி சொல்லி, பாய்க்குத் திரும்பி நடந்த பிறகு செய்த போன் அது. இடையில் பதினைந்து நிமிடம் இருக்கிறது, அதில் எவ்வளவு நான் பார்க்காத நேரம் என்பது கேள்வி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே நான்கு பைகளையும் அதே தட்டையும் எடுத்துக்கொண்டு விருதம்பட்டுப் பக்கம் பாலாற்றில் இறங்கினேன். நாலு பைக்கு வேண்டிய மணலை ஆறு இன்னும் வைத்திருக்கிறது. ஒரு பை நிரம்பிக் கட்டி முடிக்க 2 நிமிடம் 5 விநாடி. மூன்றரைப் பைக்கு ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல். கடற்கரையில் காற்று வேறு இருந்தது, கூடவே ஆகியிருக்கும், குறைய வாய்ப்பில்லை. மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், மணல் அள்ளுகிறவன் வாட்சைப் பார்த்துப் பார்த்து அள்ளுவதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்திருப்பார்.

அப்புறம் பாப்பாவைக் கோட்டை மைதானத்துக்குக் கூட்டிப்போய், விளையாட்டு மாதிரி ஒரு நிமிடம் நடக்கவிட்டு அளந்தேன். 50 மீட்டரைத் தாண்டினாள். ஏழு நிமிடத்துக்கு 350 மீட்டர் வரை போயிருக்கலாம். சிப்பி பொறுக்க நின்றதாலும் வலைக்கார அம்மா நிறுத்தியதாலும் இருநூற்றுச் சொச்சத்தில் கிடைத்தாள். அந்த அம்மா இல்லை என்றால் நடந்துகொண்டே இருந்திருப்பாள். பாலாறு வந்திருக்காது. இருட்டு வந்திருக்கும்.

காரணங்கள்

எங்கள் வேலையில் 'கவனக்குறைவு' என்று எழுதினால் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அது காரணமே இல்லை, திட்டுவதற்கான வார்த்தை. கவனம் எங்கே போனது, ஏன் போக வேண்டி வந்தது என்று எழுத வேண்டும்.

முதலில் அவள் பக்கம். குழந்தை சொல்பேச்சு கேட்கவில்லையா? கேட்டிருக்கிறாள், எழுத்துக்கு எழுத்து. கால்தடத்தை மறுநாள் காலை வரை மறக்க முடியாமல் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன்: அலை வந்து நனைத்த கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தடம்கூட இல்லை. தண்ணிகிட்ட போகாதே என்றேன், போகவில்லை. போகக் கூடாத இடத்தைச் சொன்னேனே தவிர, இருக்க வேண்டிய இடத்தைச் சொல்லவில்லை. போதாததற்கு, போவதற்கு ஒரு ஊரையும் கை நீட்டிக் காட்டியிருந்தேன். இரண்டு மாதமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த ஆறு அந்தப் பக்கம், அப்படியே போனால் வரும். 'நாளைக்குக் காலைல' என்பது ஐந்து வயதுக் காதில் எத்தனை பலமாக விழும்? தொழிற்சாலையில் 'இங்கே தொடாதே' பலகையைவிடத் தரையில் அடித்த மஞ்சள் கோடு நன்றாக வேலை செய்யும் என்று புதுத் தொழிலாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான்தான்.

என் பக்கம்தான் இந்த அறிக்கையின் மையம்.

தோல் தொழிற்சாலைக் கழிவுநீர்த் தொட்டிகளில் ஹைட்ரஜன் சல்பைடு சேரும். காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். நிறைய இருந்தால் மூக்கின் உணர்வையே முதலில் கொன்றுவிடும், நாற்றமும் தெரியாது. அதனால் தொட்டிக்குள் ஒருவர் இறங்கினால் வெளியே ஒருவர் நிற்க வேண்டும் என்பது விதி. ஸ்டாண்ட்பை ஆள். அவர் கயிறு சுற்றக் கூடாது, சாமான் எடுத்துக் கொடுக்கக் கூடாது, போன் பேசக் கூடாது. சும்மா நின்று உள்ளே இருப்பவரைப் பார்ப்பது மட்டுமே அவர் வேலை. மேனேஜர்கள் பலருக்கு இது உறுத்தும். சம்பளம் கொடுத்து ஒருவனைச் சும்மா நிற்கவைப்பதா? அந்தக் கையில் ஒரு விளக்குமாற்றைக் கொடுக்கலாமே? கொடுத்த நாளில்தான் விபத்து நடக்கும். இதற்காக எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை.

அப்படிப்பட்டவன் கடற்கரைக்கு ஸ்டாண்ட்பை ஆள் இல்லாமல் போயிருக்கிறேன். நானே உள்ளே இறங்குகிறவன், நானே வெளியே நிற்கிறவன்.

திரும்பி வந்து, டென்ட் தங்கலில் ஒரு பெரியவர் செய்ய வேண்டிய வேலைகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். டென்ட் கட்டுவது இரண்டு கை வேலை. பை நிரப்புவது இரண்டு கை. காரிலிருந்து தண்ணீர்க் கேனைத் தூக்கி வருவது இரண்டு கை, அதோடு முதுகு வேறு திரும்பும். கொசுவலை கட்டுவது இரண்டு கை. சாப்பாடு பிரிப்பதை ஒரு கையில் சமாளிக்கலாம். நானே ஒதுங்கப் போனால்? அதற்குக் கையைப் பற்றிய பேச்சே இல்லை, ஆளே இல்லை. கடலோடு குழந்தையைத் தனியாக வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை அந்தப் பட்டியலில் அநேகமாக எதுவுமே இல்லை. வீட்டில் இது தெரிவதில்லை, ஏனென்றால் வீட்டில் கதவு இருக்கிறது. கதவுதான் அங்கே ஸ்டாண்ட்பை ஆள்.

தேடிய விதத்தைப் பற்றியும் எழுத வேண்டும். முதலில் தண்ணீரைப் பார்த்தது சரி. மூழ்கும் குழந்தை கத்தாது, கையும் ஆட்டாது. தண்ணீருக்குள் போயிருந்தால் விநாடிக் கணக்கு. ஆனால் பார்த்த பிறகும் அங்கேயே வேரூன்றி நின்றேனே, அதுதான் தவறு. ஒரு தரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அலையைப் பார்த்துவிட்டு உடனே மணலுக்கு வந்திருக்க வேண்டும். கடற்கரை ஒன்றுதான் காணாமல் போன பிள்ளையின் வழியை எழுதிவைக்கிற இடம். நான் அதன்மேலேயே ஓடி, என் கால்தடத்தால் பாதியை அழித்துவிட்டேன்.

கொலுசு விஷயம் தனி. முத்து வைத்த வெள்ளிக் கொலுசு, நடந்தால் சலசலக்கும். உப்புத் தண்ணீரில் கறுத்துவிடும், மணலில் விழுந்தால் கிடைக்காது என்று கிளம்பும்போது நான்தான் கழற்றிவைத்தேன். அம்மா இன்றுவரை விடவில்லை. "பிள்ள எங்க கீதுன்னு தெரியத்தான் அத போடறது. அழகுக்குன்னு நெனச்சியா?" பின்னால் ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். அலைச் சத்தத்தில் பத்தடிக்கு மேல் கொலுசு கேட்பதில்லை. இதை அம்மாவிடம் சொல்லவில்லை. பத்தடியில்தானே உட்காரவைத்திருந்தேன், எழுந்த கணம் கேட்டிருக்கும்.

ராத்திரி

அடுப்பு பற்றவைக்கவில்லை. சவுக்குச் சருகு காய்ந்த வைக்கோலைவிட மோசம், தோப்புக்குள் தீக்குச்சிகூட வேண்டாம் என்று தோப்புக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும். பொழுது அடைவதும் நிலா கடலிலிருந்து எழும்புவதும் ஒன்றாக நடந்தன. அதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, ஆனால் அன்றைக்கு நான் நிலாவைப் பார்த்த நேரம் குறைவு. பாப்பாவின் பாவாடை நாடாவை என் விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது தோப்புக்காரர் கூப்பிட்டுக் காட்டினார்: நாங்கள் முதலில் டென்ட் போட்ட இடத்தில் நுரை வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் அது, டார்ச்சைக் கடல் பக்கம் அடிக்காதீர்கள் என்றும் சொன்னார். ஆமை எதுவும் வரவில்லை. பாப்பா வந்ததாகத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள்.

ஒன்றே முக்கால் மணிக்கு வியர்வையில் நனைந்து எழுந்து, வீட்டுக்குப் போகலாம் என்று அழுதாள். டென்டின் வாசலைக் கடலைப் பார்த்து வைத்திருந்தேன். மாலையில் ஜில்லென்று காற்று வந்தது. ராத்திரி தரை சீக்கிரம் ஆறிவிடும், கடல் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. காற்று திசை மாறிக் கரையிலிருந்து கடலுக்கு வீச ஆரம்பித்துவிடும். என் டென்டுக்கு மேற்குப் பக்கம் துணிச் சுவர். கூடவே காற்று ஓய்ந்த இடைவேளையில் கொசு. காரை எடுத்து ஓட்டிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பகல் முழுக்க ஓட்டியவன், ராத்திரி இரண்டு மணிக்கு 150 கிலோமீட்டர். ஒரே நாளில் இரண்டாவது அறிக்கை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கோரைப்பாயை வெளியே இழுத்து, இரண்டு சவுக்குக்கு நடுவே கொசுவலையைக் கட்டினேன். அவள் ஒரு கால் என் மடியில் இருக்க, பல்லால் கயிற்றைப் பிடித்துக் கட்டிய கட்டு. ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள். நான் விடியும்வரை தூங்கவில்லை. 2,400 ரூபாய் டென்ட் ஆள் இல்லாமல் பக்கத்தில் படபடத்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் வாயலூர்ப் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டினேன். கீழே தண்ணீர் அகலமாகத் தேங்கி நின்றது, வானம் அதில் தெரிந்தது. பாப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "இது நம்ம பாலாறு இல்ல" என்றாள். நம்முடையதுதான் என்று நான் எவ்வளவு சொல்லியும் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்படியே வடக்கே மாமல்லபுரம் போனோம். மாசி மகத்துக்கு இருளர்கள் கூடும் கடற்கரை அது. எங்கள் வேலூர், திருவண்ணாமலைப் பக்கமிருந்தும், காஞ்சிபுரம், விழுப்புரம், திருவள்ளூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணமும் அங்கேயே முடித்துக்கொண்டு, மணலிலேயே தங்கிவிட்டுப் போவார்கள். நாங்கள் போனபோது பாதிப் பேர் கிளம்பியிருந்தார்கள். மீதிக் குடில்கள் நின்றன: நான்கு கழி, மேலே ஒரு புடவை, பக்கம் எல்லாம் திறப்பு. காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் புகுந்து போகும். தலைமுறை தலைமுறையாகக் கடற்கரையில் டென்ட் போட்டுப் படுக்கிறவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்க, நான் இணையத்தில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் நான் நின்று பார்த்தது குடிலை அல்ல. ஐந்தாறு குடில் சேர்ந்த ஒவ்வொரு கூட்டத்திலும் பெண்கள் சோறு வடித்தார்கள், ஆண்கள் கழி பிடுங்கினார்கள், துணி மூட்டை கட்டினார்கள். நடுவில் ஒரு பாட்டி. கால் இரண்டையும் நீட்டி, கை இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வேலையும் செய்யவில்லை. யாரும் அவரிடம் ஒரு வேலையும் கொடுக்கவில்லை. ஏழெட்டுப் பிள்ளைகள் அலை ஓரம் ஓடின. ஒன்று கொஞ்சம் தள்ளிப் போனதும் பாட்டி வாயைத் திறந்து ஒரு சத்தம் கொடுத்தார். அந்தப் பிள்ளை கயிறு கட்டி இழுத்தது மாதிரி திரும்பியது.

பதினோரு வருஷமாக நான் வகுப்பெடுக்கிற பாடம் அங்கே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

மாற்றியது

பாய்தான் வீடு என்று ஒரு விளையாட்டு வைத்திருக்கிறோம். "அப்பா கை கட்டியாச்சு" என்று நான் சொன்னால், "அவுத்தாச்சு" என்று சொல்லும்வரை அவளுடைய ஒரு காலாவது பாயில் இருக்க வேண்டும். மொட்டை மாடியில், பூங்காவில், கல்யாண மண்டபத்தில் எல்லாம் பழக்கினோம். பத்துக்கு எட்டு தடவை வேலை செய்கிறது. மீதி இரண்டுக்காகத்தான் ஆள் வேண்டியிருக்கிறது. கொலுசு இப்போது கழற்றுவதில்லை. முளைகளை ஒரு முழ நீளத்துக்கு இரும்புப் பட்டறையில் அடித்து வாங்கினேன். டென்ட் வாசல் இரண்டு பக்கமும் திறக்கிற மாதிரி தையல்காரரிடம் கொடுத்து மேற்குப் பக்கமும் வலை வைத்தாயிற்று. தனியாகப் போவதில்லை என்பது எழுதிவைக்காத விதி.

2025இல் மாசி மகம் மார்ச் 12, புதன்கிழமை. பள்ளிக்கூட நாள். அதனால் அதற்கு முன்பே பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அதே தோப்புக்குப் போனோம். இந்தத் தடவை மனைவியும் வந்தாள், அம்மாவும் வந்தார், முட்டிவலித் தைலத்தோடு. மனைவி காரிலிருந்து தண்ணீர்க் கேனை இறக்கிக்கொண்டிருந்தாள். டென்டின் மேல்துணி காற்றில் பறந்து என் முகத்தில் அறைந்தது.

"அம்மா, இந்தக் கயித்த கொஞ்சம் புடியேன்" என்றேன்.

அம்மா கோரைப்பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. பாப்பா மணலில் கிணறு தோண்டிக்கொண்டிருந்தாள்.

"நான் வேலையா கீறேன்டா" என்றார்.